சட்டையும் நிழலும்

யஃகூப் நபி (அலை) அவர்களுக்கு இஸ்ராயீல் என்று மற்றொரு பெயருண்டு என்பதை மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் அறியும். அவ்விரு பெயர்களையும் சேர்த்தே தாங்கிய ஒருவர் சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவில் வாழ்ந்தார். ஜேக்கப் இஸ்ரேல் அவிடான் என்பது அவர் பெயர். ஜேக்கப் என்பது யஃகூப் என்பதன் மேலைநாட்டு உச்சரிப்பு. ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர். இளமையில் அநாதை விடுதியில் வளர்ந்தவர், நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில் தம் குடும்பப் பெயராலேயே பெண்டிர் ஆடைக்கடை ஒன்றை நடத்துமளவுக்கு உயர்ந்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் அக்கடை நொடித்தது. முதுமையில் ஃபுளோரிடா மாநிலத்துச் சரசோட்டா நகரில் வாழ்ந்து, 1973 ஆம் ஆண்டு புற்றுநோயால் இறந்தார். இத்தகைய வாழ்க்கை அந்நாட்டில் எத்தனையோ பேர் வாழ்ந்து மறைந்த வாழ்க்கைதான். இவருடைய முகம் மட்டும் மறையாமல் நின்றது. காரணம் இவர் பெற்ற மகன்.

மகன் ரிச்சர்ட் அவிடான் (1923-2004) நிழற்படக் கலையில் உலகப் புகழ் பெற்றவர். நாகரிக உடைகளைக் காட்டும் பெரும் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துப் பெயர் பெற்றார். பின்னர் ஆட்சியாளர், எழுத்தாளர், நாடக நடிகர் எனப் பலரையும் வெண்மையான திரைக்கு முன் நிறுத்தி, வேறெந்த அலங்காரமுமின்றி, முகத்தை மட்டுமே நம்பிப் படம் எடுத்தார். தந்தைக்கும் மகனுக்கும் நெருக்கமில்லை. பகை என்று சொல்லத்தக்க சம்பவம் ஏதும் வேண்டியதில்லை. பேசாமலே ஆண்டுகள் கழியும் வீடுகளை நாம் அறிவோம். 1969 முதல் 1973 வரை அந்த மகன் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து தந்தையிடம் மீண்டும் மீண்டும் சென்று அவரைப் படம் எடுத்தார். 1974 ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் அப்படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

மார்க்க ஏடுகளைப் புரட்டியே காலம் கழித்த நமக்கு இதில் என்ன நாட்டம் என்று வாசக நேயர்கள் வினவலாம். ஒரு நூலில் அப்படங்களைக் கண்டபோது முதலில் அப்பெயர்தான் நம்மை நிறுத்தியது. யஃகூப், இஸ்ராயீல். மகனைப் பிரிந்து அழுதழுது கண் வெளுத்துப்போன அந்தத் தந்தையின் பெயர். அதன்பின் அம்முகத்தைப் பார்த்தோம். பார்த்தபின் ஒரு கேள்வி எழுந்தது. அது இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. தளர்ந்து மெலிந்து சாவை எதிர்நோக்கும் தந்தையின் முகத்தை ஒரு மகன் இவ்வாறு உற்றுப் பார்க்கலாமா? பார்த்ததைப் பிறருக்குக் காட்டலாமா? அல்லது, பேசும் வழியெல்லாம் அடைபட்டுப்போன ஒரு மகனுக்கு அதுதான் மீதமிருந்த வழியா?

ஒளி ஒரு பொருளின்மேல் பட்டு அதில் சுவடு பதிக்கும் என்பதை மகனுக்குச் சிறு வயதில் விளக்கியவர் தந்தையேதான். சிறுவன் உடனே தன் தங்கையின் படமொன்றின் மூலச்சுருளைத் தன் தோளில் ஒட்டிக்கொண்டு வெயிலில் திரிந்தான். சூரியன் சுட்ட தோலில் தங்கையின் உருவம் படிந்தது. இவனுடைய முதற்படங்களில் ஒன்று காகிதத்தில் அல்ல, சொந்தத் தோலில் எடுக்கப்பட்டது. 1942 இல் அவன் வணிகக் கப்பற்படையில் சேரப் புறப்பட்டபோது வழியனுப்பிய தந்தை அவன் கையில் கொடுத்ததும் ஒரு படப்பெட்டிதான். பணம் கொடுக்கலாம், அறிவுரை கொடுக்கலாம், துஆ செய்து தலையில் கை வைக்கலாம். அவர் ரோலைஃபிளெக்ஸ் பெட்டியைக் கொடுத்தார். வாயால் சொல்ல வராத தந்தையர் இப்படித்தான் ஏதாவதொரு பொருளைக் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்தக் குடும்பத்தின் படத்தொகுப்பைப் பற்றி அவிடான் எழுதிய ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அவர் சிறுவராயிருந்த காலத்தில் குடும்பத்தார் நன்றாக உடுத்திக்கொண்டு, தமக்குச் சொந்தமல்லாத வீட்டின் முன்னும், தமக்குச் சொந்தமல்லாத காரின் அருகிலும் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். ஒவ்வொரு படத்திலும் ஒரு நாய் இருக்கும். அவர்கள் நாய் வளர்க்கவில்லை. பிறரிடம் இரவல் வாங்கியது. ஓராண்டுப் படங்களில் மட்டும் பதினொரு வெவ்வேறு நாய்களை அவர் எண்ணியிருக்கிறார். தாங்கள் இன்னாரென்று காட்டுவதற்கன்று, இன்னாராக ஆசைப்பட்டோம் என்று காட்டுவதற்கே அப்படங்கள் உதவின என்பது அவர் கண்ட முடிவு. நாய் வளர்ப்பது நமக்கு வழக்கமில்லையாதலால் சிரித்துவிட்டுப் போகலாம். நம் ஊர்த் திருமண ஆல்பங்களில் இரவல் நகைகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் சிரிப்பு அடங்கிவிடும்.

யூஸுஃப் அத்தியாயத்தில் சட்டை மூன்று இடங்களில் வருகிறது என்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். முதலாவது, தம்பியைக் கிணற்றில் எறிந்துவிட்டு வந்த அண்ணன்மார் பொய்யான இரத்தம் பூசிக் கொணர்ந்த சட்டை. இரண்டாவது, அஸீஸின் மனைவி துரத்திப் பிடித்திழுத்தபோது பின்புறம் கிழிந்த சட்டை. மூன்றாவது, எகிப்திலிருந்து தந்தையின் முகத்தில் போடச் சொல்லி அனுப்பப்பட்ட சட்டை.

முதற்சட்டையைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அதில் சட்டை பொய்யில்லை; அது யூஸுஃப் நபியின் சட்டையேதான். இரத்தம் மட்டுமே பொய். அவிடான் வீட்டுப் படங்களும் அத்தகையவை. முகங்கள் மெய், நாயும் காரும் பொய். மெய்யான சட்டையின்மேல் பூசப்படுவதால்தான் பொய்யான இரத்தத்துக்கு வலிமை வருகிறது. ஆயினும் யஃகூப் நபி (அலை) ஏமாறவில்லை. பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டையைச் சிறிதும் கிழிக்காமல் விட்டதே, எவ்வளவு பக்குவமான ஓநாய் என்னும் கருத்தில் அவர்கள் கூறியதாக விரிவுரைகளில் ஒரு செய்தி வருகிறது. ஒரு சுவடு பொய் சொன்னால் அதனை மறுக்கும் சான்றும் அச்சுவடுக்குள்ளேயே இருக்கும். பார்க்கும் கண் வேண்டும்.

அவிடான் பிற்காலத்தில் எடுத்த தந்தையின் படங்கள் இரவல் நாய்களுக்கெல்லாம் மறுமொழி என்று தோன்றுகிறது. பின்னே வெள்ளைத் திரை. அதில் வீடில்லை, காரில்லை. தொடக்கத்துப் படங்களில் மேல்நாட்டு முறைப்படி கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த முதியவர், வணிகருக்குரிய கூரிய நோக்கோடு, ஏதோ சொல்ல வாயெடுத்தவர்போல் நிற்கிறார். போகப்போகச் சதை வற்றுகிறது. கடைசிப் படங்களில் நோயாளியின் அங்கி; அதற்கு மேலே மெலிந்த கழுத்து; அதற்கும் மேலே கண்கள். மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத கண்கள் அவை. கிழிந்த சட்டையைப் போல் இப்படங்கள் சாட்சி சொல்கின்றன. ஆனால் அந்தச் சட்டை ஒரு குற்றமற்றவரை விடுவித்தது. இப்படங்கள் யாரை விடுவிக்கின்றன? தந்தையையா? மகனையா? படத்தின் துல்லியத்தை உண்மையென்று மயங்கலாகாது என்பது அவிடானே எழுதிய கருத்து. அவ்வளவு அறிந்தவர் எதைத் தேடி அத்தனை முறை போனார்?

இவ்விடத்தில் உருவப்படம் பற்றிய மார்க்கத் தீர்ப்பைத் தொடாமல் செல்வது நேர்மையாகாது. உயிருள்ளவற்றின் உருவங்களை ஆக்குவோர் பற்றி நபி பெருமானார் (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கை பலமானது. அது ஒளியால் எடுக்கும் படத்துக்கும் பொருந்துமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ (இறப்பு 1935) அவர்கள் இதற்கென்றே ஒரு நூல் இயற்றி, இது படைப்பன்று, கண்ணாடியில் விழும் பிம்பத்தை நிறுத்திவைப்பது போன்றதே என்று வாதிட்டு அனுமதித்தார்கள். ஹப்ஸுழ் ழில், அதாவது நிழலைச் சிறைப்படுத்துதல், என்பது அவ்வாதத்தின் உயிரான சொற்றொடர். நம் துணைக்கண்டத்து ஆலிம்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் இதை ஏற்கவில்லை. கடவுச்சீட்டு போன்ற கட்டாயத்துக்கு மட்டும் இடம் தந்தார்கள். தீர்ப்பு எவ்வாறாயினும் அச்சொல்லின் அழகை மறுக்கவியலாது. புகைப்படம் என்று ஒரு பெயரிட்ட தமிழர், நிழற்படம் என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். அரபியும் தமிழும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி புகுந்து எதிர்ச்சுவரில் உருக்காட்டும் விதத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னுல் ஹைதம் ஆராய்ந்தார் என்பதை இங்கே பெருமைக்காகக் கூறவில்லை. அவர் அவ்வழியே ஆராய்ந்தது கிரகணத்தின்போது சூரியனின் பிறைவடிவை. ஒளி குறையும் வேளையில்தான் அதன் இயல்பு தெரிகிறது போலும்.

மீண்டும் கேள்விக்கு வருவோம். பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களை நோக்கி 'உஃப்' என்று சொல்வதையும் திருமறை தடுக்கிறது. பணிவின் சிறகைத் தாழ்த்தச் சொல்கிறது. சலிப்பின் ஓரெழுத்தே விலக்கப்பட்டிருக்க, அடிப்பது விலக்கப்பட்டது என்று தனியே சொல்ல வேண்டுமா என்று உசூல் பாடத்தில் இதனைத்தான் நாம் மாணவர்க்கு முதல் எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். அப்படியானால் தந்தையின் நோயையும் அச்சத்தையும் சுவரில் மாட்டி ஊராரை அழைத்துக் காட்டுவது 'உஃப்' என்பதினும் பெரியதா, சிறியதா? தம் படங்கள் தந்தைக்குப் பிடிக்கவில்லை என்பதை மகன் அறிந்திருந்தார். படத்துக்கென வரவழைக்கும் புன்னகை தங்களுடையதன்று, உள்ளே எரியும் வேகமே தாங்கள், அதையே நான் மதிக்கிறேன் என்னும் பொருள்படத் தந்தைக்குக் கடிதமும் எழுதினார். கடிதம் உருக்கமானது. ஆயினும் தந்தை விரும்பாததை மகன் செய்தார் என்பது மாறவில்லை. கலைக்கூடத்தில் வைத்தது அதபுக்குப் புறம்பானது என்றே நாம் கருதுகிறோம். இதைச் சொல்வதால் நம்மைக் கலையறியாதவர் என்று எவரேனும் கூறினால் கூறட்டும்.

ஆனால் அவ்வளவோடு கிதாபை மூடிவிட முடியவில்லை. அந்த வசனத்திலேயே 'இன்தக' என்றொரு சொல் இருக்கிறது: 'உன்னிடத்தில்'. பெற்றோர் உன்னிடத்தில், உன் அரவணைப்பில் முதுமையடைந்தால் என்பது அதன் குறிப்பு. சிறகைத் தாழ்த்த வேண்டுமானால் முதலில் அருகில் இருக்கவேண்டும். 'உஃப்' சொல்லாத மகன்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் சொல்லாததற்குக் காரணம் பணிவன்று, தூரம். தமிழகத்து முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் மூன்று தலைமுறையாகத் தந்தையும் மகனும் ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலில் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், 1970களுக்குப்பின் வளைகுடா. தந்தை சஃபரில் இருக்கும்போது மகன் பிறந்து, தந்தை திரும்பும்போது மகன் சஃபர் கிளம்புகிறான். இடையே வந்துபோகும் விடுமுறையில் மனைக்கட்டின் விலையும் தங்கையின் சீரும் பேசுவதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. அந்த அவிடான் போனார். கையில் ஏதாவது தொழில் இல்லாமல் தந்தையின் எதிரே உட்கார அவருக்குத் தெரியவில்லை. ஆகவே தொழிலையே தூக்கிக்கொண்டு போனார். படம் எடுப்பது சாக்கு, பார்ப்பது நோக்கம் என்று கொண்டால், அந்தப் பயணங்களை நம்மால் பழிக்க இயலவில்லை. அவற்றை ஸியாரத் என்றே சொல்லத் தோன்றுகிறது.

தந்தையோடு கருத்து மாறுபட்ட மகனுக்குத் திருமறை காட்டும் முன்மாதிரி இப்ராஹீம் நபி (அலை) அவர்கள். சிலை வணக்கத்தை விடுமாறு தந்தையை வேண்டும் அவ்விடத்தில், 'என் தந்தையே' என்னும் விளி நான்கு முறை வருகிறது. யா அபதி, யா அபதி என்று ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் முன்னே அவ்வுறவையே நிறுத்துகிறார்கள். தந்தை கல்லால் எறிவேன் என்று மிரட்டி விரட்டுகிறார். மகன் ஸலாம் சொல்லி, பிழை பொறுக்க இறைவனிடம் வேண்டுவதாக வாக்களித்து விலகுகிறார். கொள்கையில் அணுவளவும் இறங்கவில்லை. அழைப்பில் அணுவளவும் குறையவில்லை. நூஹ் நபி (அலை) அவர்கள் வெள்ளத்தின் நடுவே மகனைக் கூவி அழைத்ததும், பேச்சு முடியுமுன் அலை குறுக்கே புகுந்ததும் நாம் ஓதியவைதாம். ஆக, நபிமார் வீட்டிலும் தந்தையும் மகனும் பிரிந்திருக்கிறார்கள். பிரிவு இழிவன்று. அழைப்பை நிறுத்திவிடுவதுதான் நாம் கூடுதலாகச் செய்வது.

பிள்ளையை இழந்த தந்தையின் துயரும், பேசாதிருந்த தந்தையை இழந்த மகனின் துயரும் ஒரே வகையல்ல. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தம் அருமை மகன் இப்ராஹீமை ஹிஜ்ரி பத்தாம் ஆண்டு பறிகொடுத்தபோது கண்ணீர் விட்டார்கள். தாங்களுமா என்று தோழர் வியந்தபோது அக்கண்ணீர் ரஹ்மத் என்றார்கள். அன்று கிரகணம் பிடித்தது. பாலகரின் மறைவுக்காகவே பிடித்தது என்று மக்கள் பேசினர். எவருடைய சாவுக்காகவும் சூரியனோ சந்திரனோ மறைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தம் துயருக்கு வானத்தைச் சாட்சிக்கு அழைக்காத துயரம் அது, தூய்மையானது. இருந்த அன்பு பிரிந்ததற்காக வருந்துவது. பேசாமல் போன தந்தைக்காக வருந்துவதோ, இருந்ததற்காக அன்று, இருந்திருக்கக்கூடியதற்காக. அதற்கு உருவமில்லை. உருவமில்லாததனால்தான் மனிதன் ஏதேனும் ஓர் உருவத்தை, ஒரு மூக்குக்கண்ணாடியை, ஒரு தொப்பியை, ஒரு படத்தைப் பற்றிக்கொள்கிறான்.

மூன்றாவது சட்டையின் செய்தி இங்கேதான் நமக்குக் கடினமாகிறது. ஒட்டக அணி எகிப்தை விட்டுப் புறப்பட்டதும் யஃகூப் நபி (அலை) அவர்களுக்கு யூஸுஃபின் மணம் எட்டியது. அருகிலிருந்தவர்களுக்கு எட்டவில்லை, பழைய மயக்கம் என்று குறை சொன்னார்கள். ஒரே காற்றைத்தான் எல்லோரும் சுவாசித்தார்கள். பிரிந்திருந்த காலம் நாற்பதாண்டு என்பாரும் எண்பதாண்டு என்பாரும் உண்டு; அத்தனை காலமும் எவர் அந்த மணத்துக்காக மூக்கைக் காத்து வைத்திருந்தாரோ அவருக்கே அது கிட்டியது. கலைக்கூடத்தில் அந்த முதியவரின் படத்தைக் கண்டு கலங்கியவர் பலர் இருந்திருக்கலாம். மணம் எட்டியிருந்தால் ஒருவருக்கே எட்டியிருக்கும். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. அந்தச் சட்டைக்குப் பின்னால் உயிரோடு யூஸுஃப் இருந்தார்கள். சட்டை தூதுதான். இறந்தவரின் படத்துக்குப் பின்னால் எவரும் புறப்பட்டு வருவதில்லை. பெற்றோர் இறந்தபின்னும் அவர்களுக்குச் செய்யும் நன்மை மீதமுண்டா என்று ஒரு தோழர் கேட்டபோது, அவர்களுக்காகப் பிரார்த்திப்பதும், அவர்கள் அளித்த வாக்கை நிறைவேற்றுவதும், அவர்கள் வழி உறவைப் பேணுவதும், அவர்களின் நண்பர்களைக் கண்ணியப்படுத்துவதும் என்று நபி பெருமானார் (ஸல்) விடை பகர்ந்தார்கள். முகத்தைப் பத்திரப்படுத்துவது அப்பட்டியலில் இல்லை.

இதனை எழுதும் நம்மிடமும் ஒரு படம் உண்டு. சொல்லாமல் விட்டால் மேற்சொன்ன தீர்ப்புகள் யாவும் பிறர் வீட்டைப் பற்றியவையாகவே போய்விடும்.

நம் தந்தையார் ஆலிம். நாற்பதாண்டு ஓதிக்கொடுத்தவர். மதரஸாவில் ஸனது பெற்றபின் அவருடைய மிஹ்ராபில் நாம் நிற்க வேண்டுமென்பது அவர் எண்ணம். நாமோ தமிழில் பட்டம் பெற விரும்பிக் கல்லூரிக்குப் போய்ப் பள்ளி ஆசிரியரானோம். அவர் கடிந்துகொள்ளவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாளுக்குமேல் பேசாதிருப்பது ஆகாது என்பதை அவரிடமே நாம் ஓதியிருந்தோம். ஆகவே நாள்தோறும் ஸலாம் சொன்னோம். அவரும் முறையாகப் பதில் சொன்னார். சட்டப்படி இருவர்மீதும் குற்றமில்லை. அவ்வாறே ஏழாண்டு கழிந்தது.

1995 ஆம் ஆண்டு அவருக்கு ஹஜ்ஜுக்கு வாய்ப்பு அமைந்தது. விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். உருவப்படம் கூடாதென்று வாழ்நாளெல்லாம் தீர்ப்பளித்தவர், கட்டாயத்தின் பேரில் இசைந்தார். கடைவீதியில் ஸ்டுடியோ எங்கிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதாகையால் அம்மா நம்மை உடன் அனுப்பினார். வழியில் பேச்சில்லை. உள்ளே முக்காலியில் விளக்குக்கு எதிரே கண் கூச உட்கார்ந்தார். படக்காரர் பெட்டிக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "பாய், பெரியவர் தலைப்பாகையைக் கொஞ்சம் மேலே ஏத்திவிடுங்க, நெத்தி தெரியணும்" என்றார். அவர் நம்மைப் பார்த்துத்தான் சொன்னார். தந்தையார் அசையவில்லை, மறுக்கவுமில்லை. நாம் அருகே சென்று இரு கையாலும் தலைப்பாகையை மேலே தள்ளினோம். ஸஜ்தாவின் தழும்பு விரலில் பட்டது. ஏழாண்டில் அவரைத் தொட்டது அதுவே முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணைத் திறங்க, பெரியவரே" என்றார் படக்காரர்.

எட்டுப் பிரதி வந்தது, ஆறு தேவைப்பட்டது. மீதி இரண்டையும் நம்மிடம் நீட்டி, "எரிச்சிடு" என்றார் அத்தா. அத்தனை ஆண்டுக்குப்பின் அவர் நமக்கிட்ட ஏவல் அது ஒன்றே. அடுப்பங்கரையில் ஒன்றை எரித்தோம். மற்றதை எரிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர் ஸம்ஸம் நீரைத் தம் கையாலேயே நமக்கு ஊற்றிக் கொடுத்தார். அதன்பின் நாலு வார்த்தை பேசிக்கொள்ளும் அளவுக்கு உறவு திரும்பியது, அதற்குமேல் வளரவில்லை. 1999 இல் மறைந்தார். குளிப்பாட்டி முடித்ததும் வழக்கப்படி ஸஜ்தாவின் உறுப்புகளில் கற்பூரம் இடவேண்டும். நெற்றியில் இடுவதை நாம் கேட்டு வாங்கிச் செய்தோம்.

அந்தப் படம் ஃபத்ஹுல் முயீன் கிதாபின் ஜனாஸா பாடத்துக்கிடையே இருக்கிறது. அவிடான் தம் தந்தையின் விருப்பத்தை மீறியதை மேலே கண்டித்தோம். நம்மிடம் இருப்பதும் ஏவலை மீறியதால் இருப்பதே. ஊராருக்குக் காட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எரித்துவிட்டால் கட்டளை நிறைவேறும். இறந்தவரின் சொல்லை நிறைவேற்றுவது அந்த ஹதீஸின் நிழலில் வரக்கூடியதுதான் என்று மனம் ஒரு நாள் சொல்லும். எடுத்துப் பார்த்தால் கண் கூசும் அந்த முகம். விளக்கைக் கண்டு கூசியதா, நம் கைபட்டதைக் கண்டு கூசியதா என்று தெரியாத முகம். திரும்ப வைத்துவிடுவோம்.

துபாயில் வேலை பார்க்கும் நம் மூத்த மகன் சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது ஏதோ மஸ்அலா பார்க்க அந்தக் கிதாபை எடுத்தான். படம் கீழே விழுந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "அத்தா, இதைக் கைப்பேசியில ஒண்ணு எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டான். நாம் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கையை நீட்டிப் படத்தை வாங்கி உரிய பக்கத்தில் வைத்துக் கிதாபை மூடினோம். அவன் புறப்பட்டுப் போகும்வரை மறுபடி கேட்கவில்லை, நாமும் பேச்செடுக்கவில்லை.